ஹார்டுவேர் வாலட் வாங்கிவிட்டேன், இனி எப்படி அமைப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மூன்று வருடமாக ஒரு இந்திய எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் பிட்காயினும் ஈதரும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். வாசிர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் கொள்ளைபோன விவகாரத்துக்குப் பிறகு பயம் பிடித்து ஒரு ஹார்டுவேர் வாலட் வாங்கினீர்கள். டப்பா வந்து இரண்டு வாரமாகிறது, பிரிக்கக் கை வரவில்லை. எதையாவது தப்பாக அழுத்தினால் மொத்தமும் போய்விடுமோ என்று கேட்கிறீர்கள்.

தப்பான பட்டனை அழுத்தியதால் பணம் போனவர்களை நான் பார்த்ததில்லை. மீட்புச் சொற்களை எழுதிய பேப்பரைத் தொலைத்தவர்கள், அந்தப் பேப்பரை போட்டோ எடுத்தவர்கள், திரையைப் படிக்காமல் ‘ஓகே’ கொடுத்தவர்கள்தான் இழந்திருக்கிறார்கள். அதனால் பதிலில் கருவியைப் பற்றிக் கொஞ்சமும் பேப்பரையும் திரையையும் பற்றி அதிகமும் இருக்கும்.

முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். உங்கள் பிட்காயின் அதற்குள் இருக்காது. காயின் எப்போதும் பிளாக்செயினில்தான் இருக்கிறது, பத்திரப் பதிவு அலுவலக ஏட்டில் நிலம் யார் பேரில் என்று இருப்பதைப்போல. கருவிக்குள் இருப்பது கையெழுத்துப் போடும் பிரைவேட் கீ என்ற ரகசியச் சாவி மட்டும். அந்தக் காலத்து ஜமீனில் முத்திரையைக் கையை விட்டு இறக்காத ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினால் முத்திரை குத்தி வெளியே தருவார், முத்திரையை மட்டும் தரமாட்டார். ஹார்டுவேர் வாலட் அவர்தான். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸே இருந்தாலும் அதனால் முத்திரையை எடுக்க முடியாது. ஆனால் நீங்கள் தலையாட்டினால் எந்தத் தாளிலும் அவர் குத்திவிடுவார். இந்த இரண்டாவது விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதுதான் பெரிய கதை.

கருவியை முதல்முறை இயக்கும்போது அது பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். சீட் சொற்கள் என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். பிஐபி-39 என்று 2013-ல் வந்த ஒரு பொதுத் தரம் இருக்கிறது, அதில் மொத்தம் 2,048 சொற்கள். உங்கள் சொற்கள் அந்தப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுக்கப்பட்டவை. எல்லாச் சாவிகளும் இந்தச் சொற்களிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே கருவி உடைந்தாலும், தொலைந்தாலும், தயாரித்த கம்பெனியே மூடினாலும் இதே தரத்தில் இயங்கும் வேறொரு கருவியில் அதே சொற்களைப் போட்டால் பணம் அப்படியே வரும். இதன் மறுபக்கம், அந்தச் சொற்கள் கிடைத்தவனுக்கு உங்கள் கருவியும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம்.

சரி, டப்பாவுக்கு வருவோம். எங்கே வாங்கினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலோ, அந்தத் தளத்தில் பெயர் போட்டிருக்கும் விற்பனையாளரிடமோ வாங்கியிருந்தால் கவலை இல்லை. ஆன்லைன் சந்தையில் 1,500 ரூபாய் குறைவு என்று யாரோ ஒரு செல்லரிடம் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒட்டுப் பிரிக்காமல் இருந்தாலும்தான். 2023-ல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், டிரெசர் மாடல் டி என்ற ஹார்டுவேர் வாலட்டின் போலி ஒன்றைப் பிரித்து ஆராய்ந்து எழுதியது. விளம்பரத் தளத்தில் வாங்கிய கருவி, ஹாலோகிராம் எல்லாம் சரியாக இருந்தது, நன்றாகவே வேலையும் செய்தது. உள்ளே சிப்பை மாற்றியிருந்தார்கள். குலுக்கி எடுக்க வேண்டிய சொற்களை, முன்கூட்டியே தயாரித்த 20 தொகுப்புகளில் ஒன்றிலிருந்து அது காட்டியது. சொற்களுக்கு மேல் நாமே கூடுதலாக வைக்கும் ரகசியச் சொல்லான பாஸ்ஃபிரேஸிலும் முதல் எழுத்தை மட்டும்தான் கணக்கில் எடுத்தது. ஆகத் திருடன் சோதிக்க வேண்டியது வெறும் 1,280 சாத்தியங்கள். கருவி பெட்டகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே 1.33 பிட்காயின் போய்விட்டது.

அதனால் ஒட்டை நம்பாதீர்கள். கருவியைத் தயாரிப்பாளரின் ஆப்புடன் இணைத்ததும் அசல்தானா என்று அது ஒரு சோதனை நடத்தும், அது முடியட்டும். இன்னொரு எளிய சோதனை: டப்பாவுக்குள் ஏற்கனவே நிரப்பிய சொற்களோடு ஒரு அட்டையோ, ‘உங்கள் பின் எண் இது’ என்ற சீட்டோ இருந்தால் அது திருடன் வைத்த பொறி. சொற்கள் அட்டை வெறுமையாகத்தான் வர வேண்டும்.

பெயர், முகவரி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2020-ல் ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. சுமார் 10 லட்சம் மின்னஞ்சல்கள், அவற்றில் 2.7 லட்சம் பேருக்கு வீட்டு முகவரியும் போன் எண்ணும் சேர்த்து. கருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் யார் வீட்டில் கிரிப்டோ இருக்கிறது என்ற பட்டியல் தெருவுக்கு வந்துவிட்டது. மறுவருடம் அந்த முகவரிகள் சிலவற்றுக்குத் தபாலில் ‘மாற்றுக் கருவி’ என்று போலிகளே வந்தன. உங்களுக்கும் ஒரு நாள் மின்னஞ்சலோ எஸ்எம்எஸ்ஸோ, க்யூஆர் கோடு போட்ட அழகான கடிதமோ வரும். உங்கள் வாலட்டைச் சரிபார்க்க 24 சொற்களையும் இங்கே போடுங்கள் என்று சொல்லும். எந்தக் கம்பெனியும் அதைக் கேட்காது. அந்தச் சொற்களைப் போட வேண்டிய இடம் கருவி மட்டும்தான், கம்ப்யூட்டர் கீபோர்டில் ஒருநாளும் இல்லை.

அமைக்கும் வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆபீஸ் இடைவேளையில் செய்யாதீர்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள். அப்புறம், நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். இப்போது பல வீடுகளில் ஹாலில் சிசிடிவி இருக்கிறது, அதன் காட்சி ஏதோ ஒரு சர்வரில் போய் உட்காருகிறது. என் சித்தப்பா மகன் தன் சொற்களை எழுதி முடித்த பிறகுதான் தலைக்கு மேல் கேமரா இருந்ததைக் கவனித்தான். எல்லாவற்றையும் அழித்துப் புதுச் சொற்களோடு மறுபடி ஆரம்பித்தோம்.

ஆப்பைக் கூகுளில் தேடி இறக்காதீர்கள். மேலே வரும் விளம்பரம் போலியாக இருக்கலாம். டப்பாவில் அச்சிட்ட முகவரியை எழுத்து எழுத்தாகத் தட்டிப் போங்கள். ஆப் ஸ்டோரில் இருந்தால் அசல் என்றும் நினைக்க வேண்டாம். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே ஒரு போலி லெட்ஜர் ஆப் இருந்தது, அது நீக்கப்படுவதற்குள் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டது.

ஆப் வந்ததும் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள், சொற்கள் உருவாகும் முன்பே. கருவியில் இழக்க ஒன்றும் இல்லாத நேரம் அதுதான். அடுத்து பின் எண். பிறந்த வருடமும் வண்டி நம்பரும் வேண்டாம், அவ்வளவுதான். லெட்ஜரில் மூன்று தடவை தப்பாகப் போட்டால் கருவி தனக்குள் இருப்பதை அழித்துக்கொள்ளும், டிரெசரில் அதைவிட அதிகத் தடவை விடும். குழந்தை எடுத்து விளையாடி அழித்துவிட்டாலும் பதறாதீர்கள், சொற்கள் இருக்கிறதே.

இனி சொற்கள். இங்கேதான் நிதானம் வேண்டும்.

கருவியின் திரையில் ஒவ்வொன்றாக வரும். கம்ப்யூட்டர் திரையில் வந்தால் அப்போதே நிறுத்திவிடுங்கள், ஏதோ கோளாறு. சொற்களை நீங்களாகத் தேர்ந்தெடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். மனிதன் குலுக்குவது குலுக்கலே இல்லை, கருவியிடம் விட்டுவிடுங்கள். ஜெல் பேனாவால் எழுத வேண்டாம், தண்ணீர் பட்டால் ஓடிவிடும். பால் பாயின்ட் பரவாயில்லை, பென்சில் இன்னும் நல்லது. பெரிய எழுத்தில், சேர்த்து எழுதாமல், எண் போட்டு எழுதுங்கள். வாய்விட்டுப் படிக்காதீர்கள்.

எழுத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் நான் பட்ட பாடு. முதல் கருவியை அமைத்தபோது 24 சொற்களையும் பள்ளிக்கூடப் பழக்கத்தில் சேர்த்தெழுத்தாக எழுதிவிட்டேன். ஒரு வாரம் கழித்துச் சோதிப்பதற்காகக் கருவியை அழித்து, பேப்பரைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக இரண்டே பட்டனால் திரும்ப ஏற்றினேன். இருபத்தைந்து நிமிடம். 24-வது சொல்லைப் போட்டு முடித்ததும், சொற்கள் செல்லாது என்றது கருவி. மறுபடி ஏற்றினேன், மறுபடி செல்லாது. மூன்றாவது சுற்றில்தான் 17-வது சொல்லைப் பேப்பரில் உற்றுப் பார்த்தேன். நடப்பதைக் குறிக்கும் ‘வாக்’ என்ற சொல்லும் சுவரைக் குறிக்கும் ‘வால்’ என்ற சொல்லும் அந்தப் பட்டியலில் அடுத்தடுத்து உண்டு. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். என் ‘கே’ பார்க்க ‘எல்’ போலவே இருந்தது. உள்ளே இருந்தது எண்ணூறு ரூபாய்க்கான பிட்காயின்தான், இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் வியர்த்துக் கொட்டியது.

ஒரு ஆறுதல் என்னவென்றால் கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. 24 சொற்களில் ஏதோ ஒன்று மாறினால் ஏறக்குறைய 256-க்கு 255 தடவை கருவி அதைக் கண்டுபிடித்துவிடும். 12 சொற்களில் 16-க்கு 15 தடவைதான். மீதி ஒரு தடவை ‘சரி’ என்று சொல்லி வேறொரு காலி வாலட்டைத் திறந்து காட்டும்.

இந்த அழித்துப் பார்க்கும் ஒத்திகையைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். நீங்கள் தவிர்க்காதீர்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து சிறிய தொகை ஒன்றை அனுப்புங்கள். பிட்காயின் எடுக்கும் கட்டணமும் குறைந்தபட்ச அளவும் எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் வேறு, பார்த்துக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்ததும் முகவரியைக் குறித்துக்கொண்டு, பின் எண்ணை வேண்டுமென்றே தப்பாகப் போட்டோ அமைப்புகளில் போயோ கருவியை அழியுங்கள். பேப்பரை வைத்து மீளுங்கள். அதே முகவரி, அதே தொகை தெரிந்தால் உங்கள் பேப்பர் உண்மையானது. அழிக்காமலே சொற்களைச் சரிபார்க்கும் வசதி லெட்ஜரிலும் டிரெசரிலும் இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை அழித்து மீட்டவருக்கு வரும் தைரியம் அதில் வராது. உங்கள் இரண்டு வாரப் பயத்துக்கும் இதுதான் மருந்து.

பேப்பரை எங்கே வைப்பது? எங்கே வைக்கக் கூடாது என்பது எளிது: போனில், மெயிலில், வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிய செய்தியில், கூகுள் டிரைவில். போட்டோ எடுத்து உடனே அழித்துவிட்டேன் என்பார்கள், அதற்குள் அது கிளவுடுக்குப் போயிருக்கும். 2025 பிப்ரவரியில் ஸ்பார்க்கேட் என்ற வைரஸைப் பற்றி காஸ்பர்ஸ்கி எழுதியது. கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஸ்டோரிலும் இருந்த சில ஆப்களுக்குள் ஒளிந்துகொண்டு, போன் கேலரியில் உள்ள படங்களின் எழுத்துகளைப் படித்து சீட் சொற்களைத் தேடியது.

பேப்பருக்கு நம் ஊரில் தண்ணீரும் கரையானும் எதிரி. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தரைத்தள பீரோக்கள் மூழ்கின, பத்திரங்களை வெயிலில் காயவைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் பெரிய தொகை என்றால் எஃகுத் தகடுதான் சரி. இதற்கென்றே விற்கும் தகடுகள் விலை அதிகம். ஹார்டுவேர் கடையில் எழுத்துப் பஞ்ச் செட் ஒன்றும் துருப்பிடிக்காத எஃகுத் துண்டு ஒன்றும் வாங்கினால் போதும். ஆங்கிலப் பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது, ஆகவே சொல்லுக்கு நான்கு எழுத்து அடித்தால் போதுமானது. நான் அம்மிக்கல்லின் மேல் வைத்து அடித்தேன். 96 எழுத்து, இரண்டு மாலை, மாடி வீட்டு மாமி வந்து என்ன வேலை நடக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார். பூட்டுக்கு நம்பர் அடிக்கிறேன் என்றேன்.

இரண்டு பிரதி, இரண்டு இடம். ஒன்று வீட்டில், ஒன்று வங்கி லாக்கரிலோ ஊரில் பெற்றோர் வீட்டிலோ. லாக்கரைப் பற்றி ஒன்று தெரிந்திருக்கட்டும்: தீயிலோ திருட்டிலோ போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான், ரிசர்வ் வங்கி விதி அது. அதனால்தான் இரண்டு பிரதி. தகட்டின் மேல் பிட்காயின் என்று எழுதிவைக்காதீர்கள்.

சிலர் புத்திசாலித்தனமாகப் பாதிச் சொற்களை இங்கும் பாதியை அங்கும் வைப்பார்கள். அதில் ஏதாவது ஒரு பாதி தொலைந்தால் மொத்தமும் போச்சு. 12 சொல் வாலட்டில் ஆறு சொற்கள் ஒருவன் கையில் கிடைத்தால் மீதி ஆறைத் தேடும் வேலை அவனுக்குப் பல மடங்கு குறைந்துவிடும். பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்றால் டிரெசர் தரும் ஷமிர் முறை இருக்கிறது. மூன்று பங்காகப் பிரித்து, ஏதாவது இரண்டு இருந்தால் மீட்கலாம் என்று அமைக்கலாம். அந்தச் சொற்கள் வேறொரு பட்டியல், லெட்ஜரில் ஏறாது.

பாஸ்ஃபிரேஸ் என்று ஒன்று இருக்கிறதே, 25-வது சொல் என்பார்களே, அதை வைக்கலாமா? முதல் வருடம் வேண்டாம் என்பேன். அதில் தப்பு, சரி என்று எதுவும் கிடையாது. எதைப் போட்டாலும் ஒரு வாலட் திறக்கும், தப்பாகப் போட்டால் காலியான வாலட் திறக்கும். ஒரு இடைவெளி, ஒரு பெரிய எழுத்து மாறினாலும் அதே கதைதான். திருடனிடம் இழந்தவர்களைவிடத் தங்கள் பாஸ்ஃபிரேஸிடமே இழந்தவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும். பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய டிரெசர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. 2020-ல் கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் ஆய்வாளர்கள் அந்தக் கருவி கையில் 15 நிமிடம் கிடைத்தால் உள்ளே இருப்பதை எடுக்க முடியும் என்று காட்டினார்கள். அவர்களுக்குப் பாஸ்ஃபிரேஸ் அவசியம், இல்லையென்றால் புது மாடலுக்கு மாறிவிடலாம்.

இப்போது பணத்தை மாற்றும் நேரம். கருவியில் ‘பெறுக’ என்று அழுத்தினால் முகவரி கம்ப்யூட்டரிலும் வரும், கருவியின் குட்டித் திரையிலும் வரும். குட்டித் திரையைத்தான் நம்ப வேண்டும். காப்பி செய்த முகவரியை, ஒட்டும்போது திருடனின் முகவரியாக மாற்றும் வைரஸ்கள் ரொம்ப நாளாக இருக்கின்றன. முதல் நான்கு கடைசி நான்கு எழுத்து பார்த்தால் போதாதா என்றால், போதாது. உங்கள் பழைய முகவரிகளைப் போலவே தொடங்கி முடியும் முகவரியைத் தயாரித்து, அதிலிருந்து உங்களுக்கு ஒன்றுமில்லாத தொகையை அனுப்பி வரலாற்றில் நுழைத்துவிடுவார்கள். அடுத்த முறை வரலாற்றிலிருந்து காப்பி எடுத்தீர்கள் என்றால் போச்சு. 2024 மே மாதம் ஒருவர் இப்படித்தான் சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ள பிட்காயின் டோக்கன்களை அனுப்பிவிட்டார். அவருக்குப் பிறகு பெரும்பகுதி திரும்பி வந்தது. நமக்கு வராது.

பிட்காயின் முகவரி ஒவ்வொரு தடவையும் மாறுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பழையவையும் செல்லும். ஈதருக்கு ஒரே முகவரிதான். நெட்வொர்க் தேர்வு செய்யும்போது மட்டும் கவனம். என் நண்பர் ஒருவர் கட்டணம் குறைவு என்று, டாலர் மதிப்பிலான யுஎஸ்டிடி டோக்கனை டிஆர்சி-20, அதாவது டிரான் நெட்வொர்க் வழியாக எடுத்தார். பத்திரமாக வந்தது. திரும்ப அனுப்பப் போனால் கட்டணம் கட்டக் கையில் டிரான் காயின் இல்லை. பெட்டியில் பணம், பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை என்ற நிலை. எந்த நெட்வொர்க்கில் வைத்திருக்கிறீர்களோ அதன் சொந்தக் காயின் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்.

எக்ஸ்சேஞ்ச், இது யாருடைய வாலட் என்று கேட்கும். உங்களுடையது என்று உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் வாலட்டுக்கே மாற்றுவது விற்பனை இல்லை, 30 சதவீத வரி விற்கும்போதோ ஒரு காயினை இன்னொன்றாக மாற்றும்போதோதான். வாங்கிய விலைக்கான ஸ்டேட்மென்ட்டை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்த எக்ஸ்சேஞ்ச் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

மேலே கணக்குப்பிள்ளை கதையில் பாதியை நிறுத்தி வைத்தேன். உங்களைப் பயமுறுத்திய வாசிர்எக்ஸ் கொள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 18, 23 கோடி டாலருக்கு மேல், நம் கணக்கில் சுமார் 2,000 கோடி ரூபாய். வாடிக்கையாளர்கள் ஒரு வருடத்துக்கும் மேல் பணத்தைத் தொட முடியாமல் நின்றார்கள். அப்படி மாட்டிக்கொண்ட ஒரு முதலீட்டாளரின் வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்துதான் என்று சொன்னது. இதில் பலரும் கவனிக்காதது, கொள்ளை போன அந்த வாலட்டும் ஹார்டுவேர் வாலட்களால் காவல் காக்கப்பட்டதுதான். ஒருவர் இல்லை, பலர் கையெழுத்திட வேண்டிய வாலட். கம்ப்யூட்டர் திரையில் தெரிந்தது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்று அந்த நிறுவனமே சொன்னது.

ஏழு மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சில் அதே கதை, ஆனால் சுமார் 150 கோடி டாலருக்கு. வட கொரிய ஹேக்கர்கள் என்று எஃப்பிஐ சொன்னது. அவர்கள் கருவியை உடைக்கவில்லை. பரிவர்த்தனையைக் காட்டும் இணையப் பக்கத்தை மாற்றினார்கள். அதிகாரிகளுக்கு வழக்கமான பண மாற்றம்போலத் தெரிந்தது. கருவியின் திரையில் வந்ததோ மனிதனால் படிக்க முடியாத எண்ணும் எழுத்தும். வழக்கமாக வருவதுதானே என்று ஒப்புதல் அழுத்தினார்கள். பிளைண்ட் சைனிங் என்று இதற்குப் பெயர். நம் ஊரில் இதை வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது என்போம், வட்டிக்கடைக்காரர் நீட்டும் தாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இதில் வேண்டியது ஒரே ஒரு பழக்கம். பிட்காயினையோ ஈதரையோ நேராக அனுப்பினால் கருவித் திரையில் தொகையும் முகவரியும் தெளிவாக வரும். படித்துப் பார்த்து அழுத்துங்கள். அதைத் தவிரப் புரியாத எதுவும் வந்தால் மறுத்துவிடுங்கள். ஸ்டேக்கிங், என்எஃப்டி, இலவச டோக்கன் என்று போகும் தளங்கள் ‘அப்ரூவ்’ கேட்கும். அது பல சமயம் உங்கள் டோக்கன்களை எப்போது வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்ற அனுமதி. ஒருமுறை கொடுத்துவிட்டால் கருவியைக் கழற்றிப் பெட்டியில் போட்டாலும் அந்த அனுமதி நிற்கும். விளையாடிப் பார்க்க ஆசையிருந்தால் போனில் தனியாக ஒரு வாலட், தனிச் சொற்கள், தொலைந்தால் தூக்கம் போகாத தொகை. சேமிப்பு இருக்கும் கருவி எந்தத் தளத்தோடும் இணைய வேண்டாம். கேட்காமலே உங்கள் வாலட்டில் வந்து விழும் டோக்கன்களைத் தொடவே தொடாதீர்கள்.

பிறகு பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பின் எண் நினைவிருக்கிறதா என்று பாருங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் வந்தால் அன்றே ஓட வேண்டாம், செய்யும் முன் தகடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். கருவி தொலைந்தால் இன்னொரு கருவியில் சொற்களை ஏற்றி, பணத்தைப் புதுச் சொற்களுக்கு மாற்றிவிடுங்கள். பேப்பரை யாராவது பார்த்துவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தாலும் அதேதான், அன்றைக்கே.

வெளியே பேசாதீர்கள். 2025 ஜனவரியில் பிரான்சில் லெட்ஜர் நிறுவனர்களில் ஒருவரைக் கடத்தி, பணம் கேட்டு விரலை வெட்டினார்கள். நம் அளவுக்கு அப்படி வராது, ஆனால் டீக்கடையில் ‘என்கிட்ட அரை பிட்காயின் இருக்கு’ என்பது வீட்டில் இவ்வளவு பவுன் இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

வெளியே பேசாமல் இருப்பது வேறு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருப்பது வேறு. உங்களுக்கு ஏதாவது ஆனால் வங்கிப் பணத்துக்கு நாமினி உண்டு, இதற்கு இல்லை. நான் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். என்ன இருக்கிறது, கருவி எங்கே, தகடு எங்கே, யாரிடம் உதவி கேட்கலாம், யார் கேட்டாலும் சொற்களைக் காட்டக் கூடாது என்று மட்டும் இருக்கும். சொற்கள் அதில் இல்லை. போன பொங்கல் விடுமுறையில் அந்தக் கடிதத்தைக் கொடுத்து, பழைய கருவி ஒன்றையும் சோதனைத் தகடு ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டு, நான் வாயே திறக்கமாட்டேன், நீயே மீட்டுப் பார் என்று மனைவியிடம் சொன்னேன். சொற்களை ஏற்றும் பகுதியை என்னைவிட வேகமாக முடித்துவிட்டாள். மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். கருவியை லேப்டாப்பில் செருகினால் விளக்கு எரிகிறது, ஆப்புக்குத் தெரியவில்லை. பத்து நிமிடம் திணறினாள். கையில் எடுத்திருந்தது ஏதோ புளூடூத் ஸ்பீக்கரோடு வந்த சார்ஜிங் கேபிள், அதில் டேட்டா போகாது. கடிதத்தின் கடைசி வரியாக அவளே எழுதினாள்: ‘கருவியோடு வந்த கருப்பு கேபிளை மட்டும் பயன்படுத்தவும், அது இதே கவருக்குள் இருக்கிறது.’